படலையில் சொல்ல வேண்டிய பதினேழு

ஒடிந்த நாற்காலியையும் ஓயாத என்னையும் ஒருசேரப் பொறுத்துக்கொண்டிருக்கும் தலைவர் அருமைநாயகம் அவர்களே! ஊரடங்கை நினைத்து அடிக்கடி வானத்தைப் பார்க்கும் பெரியோர்களே! இரையும் கடலையும் ஓர் அதட்டலில் அடக்கவல்ல செட்டிபாளையத்துத் தாய்மார்களே! காத்தான்குடியிலிருந்து சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்து, பாராட்டுக் கேட்கத் தலைகுனிந்திருக்கும் கணினிப் பொறியாளர் ஹிதாயா அவர்களே! வணக்கம், ஸலாம்.

நல்லரத்தினத்தின் தொலைபேசி நிலையம் இன்று மீண்டும் வாய் திறக்கிறது. ஏன் ஊமையானது? என்ன? பேயா? பொறும் தம்பி, அங்கேதான் வருகிறேன்.

அழைப்புகளை நடத்தும் செயலி லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்காக எழுதப்பட்டது. நல்லரத்தினத்தின் கணினியிலோ பி.எஸ்.டி. என்ற வேறொன்றின் ஆட்சி! என்ன செய்தார் ஹிதாயா? அந்த ஆட்சியின் கருவுக்குள்ளே, கெர்னல் என்கிறார்களே, அதற்குள்ளேயே லினக்ஸ் வேடம் கட்டினார். வடமோடிக் கூத்து அண்ணாவியாரைத் தென்மோடி ஆடவைத்தார்!

கரு, செயலிகளுக்கு எண்களால் சேதி சொல்லும். சிக்னல் என்பார்கள். ஒவ்வோர் அழைப்புக்கும் தாய்ச் செயலி ஒரு பிள்ளைச் செயலியைப் பெறும். அழைப்பு முடிந்தால் பிள்ளை சாகும். சேதி கேட்ட தாய், திரையில் அதன் வரியைத் துடைக்கும். அந்தச் சாவுச் சேதிக்கு பி.எஸ்.டி.யில் எண் இருபது, லினக்ஸில் பதினேழு. சரி, பி.எஸ்.டி.யில் பதினேழு என்றால்? "அசையாதே! அப்படியே நில்!"

நம் ஊரில் துக்கம் சொல்ல வருகிறவர் எங்கே நின்று சொல்வார்? வேலிவாசற் படலையில்! நடுவீட்டுக்குள் வந்தா சொல்வார்? ஹிதாயா சறுக்கியது இங்கேதான். செயலியிடம் கையளிக்கும் படலையில் இருபதைப் பதினேழாக மாற்றியிருக்க வேண்டும். கருவின் நடுவீட்டிலேயே மாற்றிவிட்டார். கரு அதைத் தன் பாஷையில் வாசித்தது. பிள்ளை செத்த சேதி போகவில்லை. தாய் கல்லாய் நின்றது.

முதல் அழைப்பிலேயே நின்றது, ஐயா! அது யாருடையது? பழுகாமத்துக் கண்ணகை அக்காவின் மகன் வினாயகமூர்த்தி வவுனியாவிலிருந்து எடுத்தது. "வாறன் அம்மா" என்றான், வைத்தான். வரவில்லை. அக்கா நின்று பேசிய தொலைபேசிக் கூண்டுக்கு நேரே திரையில் மட்டும், "மூன்றாம் கூண்டு: பேச்சு நடக்கிறது."

பாதை மூடியதால் ஹிதாயாவால் வர முடியவில்லை. கண்ணகை அக்காவோ நாள்தோறும் வாவியைத் தோணியில் கடந்து வந்து, ரிசீவரைக் காதில் வைத்தபடி இருந்தார். ஊருக்கு வேறு அழைப்பே இல்லை. நம் ஊர்ப் புஸ்பம் பொங்கினார்.

"என்னகா இது? எண்ட மகள் குவைத்தில கிடந்து எடுக்காள். அந்தப் பெட்டிய நிப்பாட்டுங்கவன்!"

"நிப்பாட்டினா எண்ட புள்ளையிர லைன் போயிருமே. இஞ்ச வந்து காத வைச்சுப் பாரு கா. மூச்சுக் கேக்குது."

காதை வைத்தார் புஸ்பம். எமனையே எதிர்த்துக் கதைக்கக்கூடிய புஸ்பம், ரிசீவரை அக்காவின் கையிலேயே கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்! அந்தக் கூண்டின் தொலைபேசிக் கம்பியை நல்லரத்தினம் அதற்கு முந்தின நாளே இரகசியமாகக் கழற்றி வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

பாதை திறந்ததும் ஹிதாயா வந்தார். பிழையைக் கண்டார், திருத்தினார். இனிக் கணினியை அணைத்து மறுபடி இயக்க வேண்டும். அந்த வரி அழிந்துவிடும். விசைக்கு நீட்டிய கையை எடுத்துவிட்டார்.

"அம்மா, இது நான் விட்ட பிழை. மகன் அண்டைக்கே வைச்சிட்டார். நீங்க ஓமெண்டாத்தான் தொடுவன்."

அக்கா வாசலில் நின்ற பெண்களைப் பார்த்தார். "மத்தத் தாய்மாரும் கதைக்கணுந்தானே, புள்ள." பிறகு ரிசீவரில், "மனே, நான் வைக்கிறன். வாறதெண்டா பகல்ல வா" என்றார். வைத்தார்.

அந்தக் கணமே வரி மறைந்தது. கல்லாய் நின்ற தாய்ச் செயலி அசைந்தது. ஹிதாயாவின் விரல் இன்னும் விசையைத் தொடவே இல்லை!

சபையோரே, நான் கெளிற்று மீனைத் திமிங்கிலம் என்பவன்தான். இதில் ஒரு செதிலும் கூட்டவில்லை. நம்பாவிட்டால் ஹிதாயாவைக் கேளுங்கள். ஏன் அவர் இன்னும் தலை நிமிரவில்லை?

எத்தனை தாய்மார் இந்த மண்ணில் அசையாமல் நிற்கிறார்கள்? அவர்களின் படலைக்கு வந்து, அவர்களின் பாஷையில் சேதி சொல்ல எவர் இருக்கிறார்? எவர் இருக்கிறார்?

கேட்ட செவிகளுக்கு நன்றி. ஊரடங்குக்கு முன் வீடு சேருங்கள். நாளை முதல் எல்லாக் கூண்டிலும் கதையுங்கள். மூன்றாம் கூண்டுக்கு இன்னும் கம்பி பூட்டவில்லை. அதில் மணி அடித்தால் மட்டும் எவரும் எடுக்காதீர்கள். தோணி அனுப்பிக் கண்ணகை அக்காவைக் கூப்பிடுங்கள். வணக்கம்.