ஸ்தான்கா அக்காவின் கைகளுக்கு நீர்

தலைமை ஏற்றிருக்கும் நகரத் தலைவர் அவர்களே, கம்பளிக்குள் நடுங்கும் பெரியோர்களே, என் வயிற்றைப் பார்த்துப் பெருமூச்சு விடும் தாய்மார்களே, கடைசி வரிசையில் ஒளிந்திருக்கும் மருத்துவச்சி ஸ்தான்கா அக்கா அவர்களே, வணக்கம்.

நான் வெலினா. எட்டாம் மாதம். இன்று மருத்துவச்சி நாள். பல்கேரிய வழக்கப்படி பிள்ளை பெறப்போகிறவள் மருத்துவச்சியின் கைகளில் நீர் வார்த்து, சோப்பும் துண்டும் தர வேண்டும். என்னை அழைத்தீர்கள். ஊரில் கர்ப்பிணி நான் ஒருத்திதான்.

"சுருக்கமா பேசும்மா, சூப் ஆறுது" என்கிறார் கெனாதி மாமா. ஆறட்டும் மாமா. திங்கட்கிழமை நம் மருத்துவமனையின் பிரசவ அறையையே பூட்டுகிறோம்.

ஏன் பூட்டுகிறோம்? கட்டில் இல்லையா? கருவி இல்லையா? காசில்லையா? ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்த புதிய விளக்குகூட இருக்கிறது. அதன் கீழே நிற்க ஆள் இல்லை. ஸ்தான்கா அக்கா ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறார்.

யார் அனுப்பியது? நாம்தான். தொழில் திறன் வளர்க்க ஐரோப்பிய நிதி வந்தது. நம் வெந்நீர் ஊற்றுகளுக்கு ஜெர்மானியர் வந்து குவிவார்கள் என்று செவிலியர் அத்தனை பேருக்கும் ஜெர்மன் கற்பித்தோம். ஜெர்மானியர் வரவில்லை. செவிலியர் போனார்கள். சான்றிதழ் கொடுத்துக் கைதட்டியது இதே மேடையில்.

"போனவங்கள திட்டாதடி." திட்டவில்லை அத்தை. அங்கேயும் முதியவர்கள் படுக்கையில் காத்திருக்கிறார்கள். ஆனால், நாடுகளுக்கிடையே கதவுகளை ஒன்றாகத் திறந்த ஐரோப்பா, காலியாகும் அறைகளை மட்டும் அந்தந்த ஊர் பார்த்துக்கொள்ளட்டும் என்பது என்ன நியாயம்? ஒரு செவிலியை அழைக்கும் நாடு, இன்னொருத்தியை இங்கே உருவாக்க உதவட்டும். எல்லா நாடுகளும் ஒன்றாக உட்கார்ந்து பேசட்டும். கேட்போம். உரக்கக் கேட்போம். ஓயாமல் கேட்போம். விடை வருவதற்குள் என் பிள்ளை வந்துவிடும்.

மலைப்பாதையில் பனி. அடுத்த மருத்துவமனை அதற்கும் அப்பால்.

நேற்று அக்காவிடம் கெஞ்சினேன்: "ஒரு மாசம் தள்ளிப் போக்கா."

"ஆறு வருஷமா தனியாளா நிக்கிறேன்டி. ஒரு நாள் முழுசா தூங்கல. பாரு, கை நடுங்குது. இந்தக் கையிலயா உன் பிள்ளைய வாங்கணும்?"

அதற்கு மேல் கெஞ்சாமல், இந்தச் சோப்பும் துண்டும் வாங்கக் கடைக்குப் போனேன்.

பொறுத்துக் கேட்டீர்கள், நன்றி. அக்கா, மேடைக்கு வாருங்கள். தங்கிவிடுங்கள் என்று கேட்கமாட்டேன். கைகளை நீட்டுங்கள். நம் ஊற்று நீர்தான், வெதுவெதுப்பாக இருக்கிறது. துடைத்த பிறகு என் வயிற்றில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். பிள்ளையின் தலை கீழே திரும்பியிருக்கிறதா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

அதற்கும் நன்றி. வணக்கம்.