முயல் பூஜ்யம்

பிரேசர் டவுனில் பேருந்து ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். மடியில் உயிரினக் கணக்கெடுப்புத் தாள்கள், செருப்பில் காய்ந்த ஏரிச் சேறு.

"இன்னிக்கும் முயல் பூஜ்யம்தான் மேரிக்கா. மூணு மாசமா பூஜ்யம் எழுதி எழுதியே கை வலிக்குது," என்றாள் இளையவள்.

மேரிக்கா சிரிக்கவில்லை. "பட்டாம்பூச்சி?"

"அது இருக்கு, எழுதிட்டேன். முயலோட புழுக்கைகூட இல்லக்கா. ஏரிக்கரைல பாதி புதர வெட்டி வாக்கிங் பாதை போட்டுட்டாங்க. மேடம் என்னடான்னா, நீ சரியாப் பாக்கலங்கறாங்க."

"ரெண்டுன்னு போட்டுடேன். போன வருஷம் இருந்துச்சில்ல? யாரு வந்து பாக்கப் போறா?"

இளையவள் பேனாவை மூடினாள்.

"ரெண்டு போட்டா, புதர வெட்டினதால ஒண்ணும் ஆகலன்னு சொல்லி, மிச்சத்தையும் வெட்டிடுவாங்கக்கா."

அப்போது அவள் ஃபோன் அடித்தது. "ஆமா மேடம், பூஜ்யம்தான். நல்லாப் பாத்தேன் மேடம். சரி, நாளைக்குத் திரும்பப் போறேன்."

ஃபோனை வைத்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டாள். மேரிக்கா அவள் மடியிலிருந்த தாள்களை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"காலைல ஆறு மணிக்கு நானும் வரேன். ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டா, பூஜ்யத்தையும் நம்பித்தானே ஆகணும்."