செகண்டுக்கு மூணு சுத்து

படங்கள் இன்னும் பேச ஆரம்பிக்காத காலம். தீவிலிருந்து அக்கரையிலுள்ள பிறைத் துறைக்குப் போகும் சாயங்கால ஃபெரிப் படகில் எனக்கு முன்னால் ஒரு புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஜார்ஜ் டவுன் கொட்டகை ஒன்றில் மிஷினைக் கையால் சுற்றிப் படம் ஓட்டுகிறவர். அவள் அன்றுதான் முதன்முதலாகப் படம் பார்த்திருக்கிறாள். எல்லாம் அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டதுதான்.

“பிள்ளை செத்துக் கிடக்கு. பெத்தவ இவ்வளவு சீக்கிரமாவா அழுது முடிப்பா?” என்று அவள் கேட்டதும் நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

“படத்துல அப்படித்தான்லா.”

“நீங்க எப்படிச் சுத்துனீங்க, அதச் சொல்லுங்க.”

“நிமிஷத்துக்கு நூத்தி இருபது சுத்து. அதான் கணக்கு.”

“அப்ப செகண்டுக்கு ரெண்டு. ஒரு சுத்துக்கு எத்தனை படம் நகரும்?”

“எட்டு.”

“செகண்டுக்குப் பதினாறு. இன்னிக்கும் அதே கணக்குத்தானா?”

அவர் கடலைப் பார்த்தார். “கடைசி ரீலுக்கு மட்டும் மூணு சுத்து.”

“இருபத்தி நாலு! அதான் அவ கண்ணைத் துடைச்ச கையோட எந்திரிச்சு ஓடுறா.”

“இந்த ஃபெரியை விட்டா இன்னும் ஒரு மணி நேரம் காத்துக் கிடக்கணும்.”

“அதுக்கு அவதான் கிடைச்சாளா? நிதானமா அழ விடுங்க.”

அவருடைய வலது கை மடியில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. பிறைத் துறை வந்ததும் எழுந்தார்.

“சரி. நாளையிலேருந்து அழுகைக்கு ரெண்டு சுத்து. சண்டைக்கு நாலு.”