கல்லுமனெ ஹால்ட்டில் நாற்பத்தாறு நிமிஷம்

ஆமாம்மா, நான்தான் எழுதினேன். ஜெயகரன்னா நான்தான். உங்க ஆட்டத்துல வேற ஜெயகரன் கிடையாது, தேடிப் பாத்துட்டேன். ஜெயக்குமார் ரெண்டு பேர் கீறாங்க. அவங்க இல்ல.

இல்ல இல்ல, தூங்கல. காலைல பத்தரை மணிக்கு யார் தூங்குவாங்க. போன்ல பேசிப் பழக்கம் இல்ல, அதான் மொதல் தடவை கட் பண்ணிட்டேன். ரெண்டாவது தடவையும் நான்தான் கட் பண்ணேன். மூணாவது தடவை அடிச்சப்ப, சரி, ஏதோ வேலையாத்தான் கூப்பிடறாங்கன்னு எடுத்தேன். பேர் இன்னா சொன்னீங்க? பல்லவி. கம்ப்யூட்டர்ல ரயில் ஓட்டற ஆட்டம் பண்ற பெங்களூர் ஆபீஸ்ல இருந்து. சரிம்மா. தமிழ் நல்லாத்தான் பேசறீங்க. எனக்கும் கன்னடம் வரும், தெலுங்கு வரும். மூணுலயும் கம்மியாத்தான் பேசுவேன்.

புரியுது, புரியுது. மஞ்சுபெட்டா மலை ரூட்ட நீங்க புதுசா திருத்தி விட்டு இன்னியோட ஒம்பது நாள் ஆவுது. முன்னூத்திப் பதினெட்டு பேர் அதுக்குக் கீழ எழுதி கீறாங்க. சரி பண்ணதத் திருப்பிப் பழையபடி வைங்கன்னு கேட்டது நான் ஒருத்தன்தான். அதான் ஏன்னு கேக்கறீங்க. வெள்ளிக்கிழமை அடுத்த திருத்தம் போவுது, அதுக்குள்ள சொன்னா பாக்கறோம்ன்றீங்க. சொல்லிடறேன். கல்லுமனெ ஹால்ட்ல நிக்கற பச்சைப் புடவை அம்மாவ வண்டில ஏத்தாதீங்க. முன்ன மாதிரி பிளாட்பாரத்துல நிக்க விடுங்க. அவ்ளோதான் நான் கேக்கறது.

காரணமா? இருங்க, நோட்ட எடுத்துக்கறேன்.

ஆங். உங்க வேலைய நான் குறை சொல்லலம்மா. முன்னூத்திப் பதினெட்டையும் படிச்சேன். நான் எட்டாவதுதான். இங்கிலீஷ எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆறு நாள் ஆச்சி. புரியாததுக்கெல்லாம் பக்கத்து வீட்டு ரூபேஷ் அர்த்தம் சொன்னான். டெய்லி டிரெயின்ல பெங்களூர் போய் வர்றவன், இந்தக் கம்ப்யூட்டரே அவனோட பழசுதான். நல்லா கீதுன்னு எழுதினவங்க இருநூத்திப் பதினாலு. நல்லா இல்லன்னு அம்பத்தி ஒம்பது. எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்க முடியாதது நாப்பத்தஞ்சு. அதுல பதினோரு பேர் வெறும் நெருப்புப் படம் போட்டு வெச்சிருந்தாங்க. பத்திகினு எரியுதுன்னு கம்ப்ளெயின்ட் போலன்னு நெனச்சேன். அது பாராட்டாம், ரூபேஷ் சொன்னான். அதனால நல்லா கீதுன்றது இருநூத்தி இருவத்தஞ்சு. நீங்க வெச்சிருக்கற கணக்கும் அதானா? நீங்க எண்ணலியா. சரி.

நீங்க புதுசா போட்ட பனிய பத்தித்தான் ஜாஸ்தி எழுதி கீறாங்க. ஹாசன்ல இருந்து வினய்னு ஒருத்தர், ஏழாவது டனல விட்டு வெளிய வந்தா எனக்கு நெஜமாவே குளிருது, போத்திகினு ஓட்டறேன்றாரு. அதுக்குக் கீழ மஞ்சுநாத்னு ஒருத்தர், இன்னா குரு, உனக்குக் குளிருது, என் கம்ப்யூட்டர் மேல தோசை ஊத்தலாம், அவ்ளோ சூடு, கிளம்பி வா சாப்பிடலாம்ன்றாரு. சட்னி இன்னான்னு வினய் கேக்கறாரு. இப்படியே பத்தொம்பது தடவை மாறி மாறிப் பேசி கீறாங்க. கடைசில மலைய பத்தி ஒண்ணும் இல்ல. சுமான்னு ஒரு அம்மா, இந்த ரூட் வந்ததுல இருந்து என் வீட்டுக்காரர சாப்பிடக் கூப்பிட்டா அடுத்த ஸ்டேஷன் வந்ததும் வரேன்றாரு, தயவுசெஞ்சி எல்லா ஸ்டேஷனையும் எடுத்துடுங்கன்னு எழுதி கீறாங்க. அத நல்லா இல்லன்றதுல சேத்தேன்.

லைன் ஓரத்துல ஆடு முன்ன நாலு மேயும், இப்ப ஒம்பது. அது சரி. பதினாலு டனல்னு போட்டு கீறீங்க, அது சரியில்ல. பதிமூணுதான். நாலாவதுன்னு நீங்க எண்ணினது மண்ணு சரியாம இருக்கக் கட்டின கூரை, ஒரு பக்கம் தொறந்து கெடக்குது. எழுதிக்கறீங்களா? சந்தோஷம்.

எனக்குப் புடிச்சதா? எறக்கம்தான். பழைய ரூட்ல பிரேக்க எப்பப் புடிச்சாலும் வண்டி நின்னுடும். இப்ப அப்படி இல்ல, முன்கூட்டியே புடிக்கணும். தப்பினா தள்ளிகினு போவுது. அதான் முறை. நான் இங்க தங்க மைன்ஸ்ல வைண்டிங் என்ஜின் டிரைவரா இருவத்தி ரெண்டு வருஷம் இருந்தேன். ஷாப்ட்டுன்ற ஆழக் குழிக்குள்ள ஆளுங்கள எறக்கி ஏத்தற கூண்டு, கேஜுன்னு இருக்கும், அதக் கயித்துல வுட்டு இழுக்கற மெஷினு. மேல ரூம்ல ஒக்காந்துனு, நாலாயிரம் அடிக்குக் கீழ கீற கேஜ, லெவலுக்கு ஒரு அடி முன்ன பின்ன போவாம நிறுத்தணும். உள்ள யார் கீறாங்கன்னு மூஞ்சி தெரியாது. கீழ இருந்து அவங்க அடிக்கற மணி மட்டும்தான் கேக்கும். மணி வராம அசைக்கக் கூடாது. அதனால எறக்கத்த பத்தி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

வரேன்மா, விஷயத்துக்கு வரேன். உங்களுக்கு வேற கால் கீதா? பத்து நிமிஷம்னு சொன்னீங்க, ஆறுதான் ஆயி கீது.

பழைய ரூட்ல கல்லுமனெ ஹால்ட்ல பதினோரு பேர் நிப்பாங்க. வண்டி நின்னதும் பத்து பேர் ஏறுவாங்க. பச்சைப் புடவை அம்மா மட்டும் பையப் புடிச்சிகினு நிப்பாங்க. நாப்பது செகண்டு ஆனா விசில். வண்டிய எடுத்துகினு போயிடணும். ரூட் வந்த நாள்ல இருந்து அப்படித்தான். ஆடறவங்க அவங்களுக்குப் பச்சை ஆன்ட்டின்னு பேரே வெச்சிட்டாங்க. மாமியார் ஊருக்குப் போவ மனசில்லன்னு ஒருத்தர் எழுதினாரு. டிக்கெட் எடுக்கலன்னு ஒருத்தர். வீட்ல கேஸ அணைச்சோமான்னு யோசிச்சினு கீறாங்கன்னு ஒருத்தர். பேய்னு மூணு பேர்.

இப்ப நீங்க திருத்தினப்பறம் முப்பத்தெட்டாவது செகண்டுல ஏறிடறாங்க. அதுக்குத்தான் எத்தனை கொண்டாட்டம். அப்பாடா, ஆன்ட்டி ஏறிட்டாங்க, ஸ்வீட் எடுன்னு எழுதினவருக்கு இருநூத்தி மூணு பேர் கட்டை வெரல் காட்டி கீறாங்க. நான் எழுதினதுக்குக் கீழ சிரிப்பு மூஞ்சி நூத்திப் பன்னெண்டு. சரத்னு ஒருத்தர், பெருசுக்கு ஆன்ட்டி மேல ஒரு கண்ணுன்னு எழுதி கீறாரு. என் போட்டோல தலை நரைச்சது தெரியுது போல. நான் பதில் போடல. ஒரு வரி டைப் பண்ண எனக்கு அரை மணி நேரம் ஆவும், அதுக்குள்ள கோவம் போயிடுது.

அய்யோ, நீங்க எதுக்கும்மா சாரி சொல்றீங்க. நீங்களா எழுதினீங்க.

நான் இன்னா பண்ணினு இருந்தேன்னு சொல்றேன். விசில் அடிச்சாலும் வண்டிய எடுக்கல. மொத நாள் ஒரு நிமிஷம் நிறுத்தினேன். ஏறல. அடுத்த நாள் ரெண்டு நிமிஷம். ஒரு நாளைக்கு ஒரு ஓட்டம்தான், காலைல தண்ணி புடிச்சி வெச்சிட்டு ஒம்பது மணிக்கு ஒக்காருவேன். ஒவ்வொரு நாளைக்கும் ஒரு நிமிஷம் கூட்டினு வந்தேன். நாப்பத்தாறு வரைக்கும் வந்துட்டேன். நாப்பத்தேழாவது நாள் போய்ப் பாத்தா நீங்க திருத்திட்டீங்க. அவங்க பாட்டுக்கு ஏறிப் போய்ட்டாங்க.

இல்லம்மா, சும்மா பொழுது போவறதுக்கு இல்ல. லேட்டானா மார்க் கொறையுது, எனக்குத் தெரியும். ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோரு பேர்ல நான் கடைசி. எனக்கு மேல கீறவரு ஒரே ஒரு தடவை ஓட்டி, அதையும் பாலத்துல இருந்து கவுத்தவரு. உள்ள ஒக்காந்து கீற பாசஞ்சருங்க தலைக்கு மேல செவப்பு மூஞ்சி வரும். இருவது நிமிஷத்துக்கு அப்பறம் அதுக்கு மேல செவக்க முடியாம அப்படியே நின்னுடும். அதுக்கப்பறம் பரவால்ல.

என் கணக்கு இன்னான்னா, எல்லாரும் நாப்பது செகண்டுல கிளப்பினு போயிடறாங்க. அந்த அம்மாவுக்கு அது போதல. சில பேருக்கு நேரம் ஆவும். வேணுங்கற அளவு நின்னா ஏறிடுவாங்க, எவ்ளோ நேரம்னுதான் தெரியல. நாப்பத்தேழா, அம்பதா, ஒரு மணி நேரமா. அது எனக்குத் தெரியணும். அதுக்குத்தான் பழைய மாதிரி வைங்கன்னு எழுதினேன். தெரிஞ்சப்பறம் நீங்க திருத்திக்கோங்க.

இன்னாம்மா?

ஓ. ஆட்டத்த நீங்களே உள்ள பிரிச்சிப் பாத்தீங்களா. அந்த அம்மா கால் மாட்டினு இருந்ததா? வலது காலா, எடது காலா? எடது. பிளாட்பாரக் கல்லுக்குள்ள. எவ்ளோ போயிருந்தது? அரை இஞ்சு.

அரை இஞ்சு.

இருங்கம்மா, நோட்ல எழுதிக்கறேன்.

அப்ப நாப்பத்தேழு நிமிஷம் நின்னாலும் ஏறியிருக்க மாட்டாங்க. நூறு நிமிஷம் நின்னாலும். ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. அவங்க ஏறணும்னுதான் உள்ள எழுதி வெச்சிருந்ததா, வேணாம்னு எழுதி வெச்சிருந்ததா? ஏறணும்னு. வண்டி வந்து நின்ன ஒவ்வொரு தடவையும். கால் மட்டும் வரல. வெளிய இருந்து பாத்தா அது தெரியாது. ஆமா, தெரியாது. நிக்கறாங்கன்னு மட்டும்தான் தெரியும்.

யாராவது எறங்கி ஒரு கை குடுத்திருந்தா? முடியாதா. டிரைவர் எறங்கற மாதிரி ஆட்டத்துல இல்ல. இதுவரைக்கும் யாரும் கேக்கல.

சரிம்மா. அப்ப நான் எழுதினத வாபஸ் வாங்கிக்கறேன். அடிச்சிடுங்க. அவங்க ஏறிப் போவட்டும், நீங்க பண்ணதுதான் சரி. நல்லா கீதுன்றதுல என்னையும் சேத்துக்கோங்க, இருநூத்தி இருவத்தாறு. அதுக்குப் பதிலா வேற ஒண்ணு எழுதிக்கோங்க. டிரைவர் எறங்கறதுக்கு ஒரு வழி வைங்க. ஹால்ட்ல வண்டி நிக்கும்போது மட்டும் போதும்.

காரணமும் எழுதணுமா? கட்டம் காலியா இருந்தா ஒத்துக்காதா.

மைன்ஸ் மூடினது ரெண்டாயிரத்தி ஒண்ணு பிப்ரவரிலம்மா. ஜூன் மாசம் எனக்கு வடக்க மலைல டனல் தோண்டற காண்ட்ராக்ட்ல, கயிறு இழுக்கற வின்ச் ஓட்டற வேலை கெடச்சிது. நானும் என் வீட்டம்மாவும் கிளம்பினோம். பாக்கியவதின்னு பேரு. பங்காருபேட்டைல மெட்ராஸ் போற வண்டி, ரெண்டு நிமிஷம் நிக்கும். நான் டிரங்குப் பெட்டி ரெண்டையும் ஏத்திட்டு ஏறினேன். அவ கதவுக் கம்பில கைய வெச்சா. அப்பறம் எடுத்துட்டா. பச்சை இல்லம்மா, அவ கட்டியிருந்தது காப்பிக் கலர். வண்டி கிளம்பிடுச்சி.

வேற கோச்ல ஏறியிருப்பான்னு நெனச்சேன், ஜோலார்பேட்டை வரைக்கும் கோச் கோச்சா தேடினேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அவ அண்ணன்கிட்ட சொன்னேன், பாஸ்டர்கிட்ட சொன்னேன், இந்த ரூபேஷ்கிட்ட கூட. இருவத்தி நாலு வருஷமா அதான் சொல்லினு கீறேன். அப்படி இல்லம்மா. நான் கதவுகிட்டதான் நின்னுனு இருந்தேன். பாத்துனே இருந்தேன். அவ கைய எடுத்தப்பறம் வண்டி இன்னும் ஒரு நிமிஷம் பத்து செகண்டு நின்னுது. எறங்கறதுக்கு மூணு படி. எறங்கிட்டா பெட்டிய யார் பாத்துக்கறதுன்னு நின்னேன்.

கீறா, கீறா. இங்கதான், ஆண்டர்சன்பேட்டைல அவ அண்ணன் வீட்ல. நான் மூணு வருஷம் நாலு மாசத்துல திரும்பி வந்துட்டேன். ஞாயித்துக்கிழமை சர்ச்ல அவ எடது பக்கம் நாலாவது பெஞ்சி, நான் வலது பக்கம். பேசினது இல்ல. ஏன் ஏறலன்னு கேட்டதும் இல்ல. அவளுக்கு மனசில்லன்னு நானே வெச்சிக்கிட்டேன்.

கேக்கலாம். இன்னிக்குச் செவ்வாக்கெழமைதானே, ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் அஞ்சு நாள் கீது.

இதெல்லாம் நீங்க கட்டத்துல எழுத வேணாம்மா. டிரைவர் எறங்கறதுக்கு வழி, அவ்ளோ எழுதினா போதும். என்ஜின்ல எடது பக்கம் கதவு கீது, நான் பாத்துட்டேன். கைப்பிடி கூட வரைஞ்சி வெச்சிருக்கீங்க, நல்லா பித்தளைக் கலர்ல. அழுத்தினா தொறக்கல.