கேமராவுக்கு மூன்று உபயகாரர்கள்

"ஹலோ... ஹலோ, வணக்கம் தலைவரே... ஆமாங்க, ஆமாங்க, கடையிலதான் நிக்கிறேன்... ரவாங்குலதான்... இல்லீங்க, இன்னும் காசு கட்டல. கட்டத்தான் போனேன், நீங்க கூப்பிட்டுட்டீங்க..."

வெளியே எடுத்த பண உறையை சுகுமாரன் மறுபடி சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார். உறையில் மூவாயிரம் மலேசிய வெள்ளி. எதிரே கண்ணாடிப் பெட்டிமேல் ஒரு பழைய கேமரா அழகாகத் துடைக்கப்பட்டு உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் கடை முதலாளியான சீனத் தவுக்கே, கால்குலேட்டரில் விரலை வைத்தபடி காத்திருந்தார்.

ஈஜோக் பக்கம் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு சுகுமாரன் செயலாளர். அழைத்தவர் முருகையா, கோயில் தலைவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை தீமிதி. வர முடியாதவர்களும் வீட்டில் இருந்தே பார்க்கட்டும் என்று இந்த வருடம் ஃபேஸ்புக்கில் நேரலை விடுவதாகக் கமிட்டியில் முடிவாகியிருந்தது. கேமரா வாங்கும் வேலை, கமிட்டியில் எல்லா வேலையும் யார் தலையில் விழுமோ அவர் தலையில் விழுந்தது. தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க்காக இருக்கும் மனிதர், சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் ஓடி வந்திருந்தார்.

"பெருசாங்களா? ... இல்லீங்க தலைவரே, சின்னதுதான்... ஒரு கையில அடங்கிரும்... ஐயோ, சின்னதா இருந்தா மட்டம்னு இல்லீங்க லா, கொஞ்சம் கேளுங்க... ஆமா... ஆமா, நீங்க சொல்றதும் சரிதான்... ஒரு நிமிசம், நான் சொல்லி முடிச்சிடறேனே. போன வருசம் ஹேண்ட்போன்ல புடிச்சோமே, ஞாபகம் இருக்குங்களா? பொழுது சாயுற நேரம். நெருப்பு மட்டும் செவசெவன்னு தெரிஞ்சிச்சு, எறங்குனவங்க எல்லாம் கரிக்கட்ட மாரி. எது யாரு புள்ளன்னே தெரியல... அதான், அதான். நமக்கு வேண்டியது ரெண்டே ரெண்டுங்க. கொஞ்ச வெளிச்சத்துலயும் மூஞ்சி தெரியணும். பாதியில நின்னு போவக்கூடாது. அதுக்கு இது போதும்... செகண்ட் ஹேண்டுதான்... ஆறு மாசம் வாரண்டி குடுக்கிறாரு. லென்ஸு, எக்ஸ்ட்ரா பேட்டரி, லேப்டாப்புல மாட்டுற ஒயரு, ஒரு சாதாரண ஸ்டாண்டு, எல்லாம் சேத்து மூவாயிரத்துக்குள்ள வந்துரும்... புதுசாங்களா? இந்தக் காசுக்குப் புதுசு வாங்குனா வெறும் பெட்டிதான் வரும். லென்ஸுக்கு உண்டியலத்தான் உடைக்கணும்..."

இது வாய்க்கு வந்தபடி சொன்ன பேச்சு அல்ல. மூன்று வாரமாக யூடியூப் பார்த்துப் படித்த பாடம். எதைப் பிடிக்கப் போகிறோம், எவ்வளவு தூரத்தில் நிற்கப் போகிறோம், வெளிச்சம் எப்படி இருக்கும் என்று முதலில் பார்க்க வேண்டும். கடைக்குப் போவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். மனிதர் இதை மனப்பாடமாக வைத்திருந்தார். கோயில் கமிட்டியைப் பற்றி மட்டும் யூடியூப்பில் ஒருத்தரும் சொல்லவில்லை.

"சுங்கை பெசார்லயா? ... எந்தக் கோயிலு? ... ஓ, ஆமா, பாத்தேன்... கை நீளத்துக்கு, வெள்ளக் கலர்ல ஒரு லென்ஸு... தலைவரே, அது கோல சிலாங்கூருக்குப் பருந்து படம் எடுக்க வர்றவங்க வச்சிருக்கிறதுங்க... பருந்து... ஆமா, ஆத்துக்கு அந்தப் பக்கம் பறக்குறத இந்தப் பக்கம் இருந்து புடிக்க. நாம பூக்குழி பக்கத்துலயே நிக்கப் போறோம். அத மாட்டுனா ஆளு தெரியாது, மூக்கு மட்டுந்தான் தெரியும்... இல்லீங்க, ஒங்க மூக்க சொல்லல... சத்தியமா சொல்லல... சரிங்க. சரிங்க, சரிங்க."

சுகுமாரனின் 'சரிங்க' அந்த வட்டாரத்தில் பெயர்போனது. அதைச் சொல்லும்போது அவர் எதற்கும் சம்மதித்திருக்க மாட்டார். பேச்சு நின்றால் போதும் என்றுதான் சொல்வார். கேட்பவர்கள் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போட்டியே இல்லாமல் வருடா வருடம் அவரைச் செயலாளராக்கினார்கள்.

"பேருங்களா? ... கேமராவுலயா? ... எடம் எங்கீங்க இருக்கு? மேல பூரா பட்டனு. பின்னால ஸ்கிரீனு. கீழ ஸ்டாண்டு மாட்டணும்... முன்னாலயா? முன்னால கம்பெனி பேரு இருக்கு... என்னங்க? ... இல்லீங்க, கம்பெனிக்காரன் நம்ம கோயிலுக்கு ஒரு வெள்ளியும் குடுக்கலதான்... அது உண்மதான்... அதுக்காக அவன் பேரு மேல டேப் ஒட்டி... சரிங்க, ஒட்டலாம். ஆனா ஒட்டுனாலும் ஒரு பேருதான புடிக்கும்? இது மூணு பேரு காசு இல்லீங்களா?"

சிக்கல் அங்கேதான் இருந்தது. கார் பட்டறை வைத்திருக்கும் திருச்செல்வம் ஆயிரம், சேலைக் கடை லோகேஸ்வரி ஆயிரம், தலைவர் முருகையா ஆயிரம் என்று மூன்று பேரும் மைக்கில் அறிவித்துவிட்டுத்தான் கேமராவுக்கு உபயம் கொடுத்தார்கள். அந்தக் கோயிலில் பெயர் இல்லாத பொருளே கிடையாது. மின்விசிறி, நாற்காலி, கால் கழுவுகிற குழாய் எல்லாவற்றிலும் ஓர் உபயகாரர் இருப்பார். சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்க வேண்டுமானால் மூன்று தலைமுறைப் பெயர்களுக்கு நடுவே முள்ளைத் தேட வேண்டும்.

"அப்பிடியா சொன்னாரு திருச்செல்வம்? ... கூட்டு உபயம் வேணாம்னாரா? ... தனியாவா? ... ஆயிரம் வெள்ளிக்கு ஸ்டாண்டா! தலைவரே, இங்க நூத்தம்பது வெள்ளிக்கே நல்ல ஸ்டாண்டு இருக்குங்க, யான ஏறி நின்னாலும் தாங்கும்... கால் ஒல்லியா இருக்கா? பேரு எழுத ஒல்லியா இருக்குன்னு சொல்றீங்க... மூணு காலுக்கும் மூணு தடவ எழுதணுமா... எந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் தெரியணும்... புரியுதுங்க. சரிங்க... இல்ல, சரின்னு சொல்லல, சரி கேட்டுக்கிட்டேன்னு சொன்னேன்... கெஜாப் ஆ, தவுக்கே, கெஜாப்... ஒங்கள இல்லீங்க தலைவரே, கடைக்காரர கொஞ்சம் இருக்கச் சொன்னேன். சொல்லுங்க."

தவுக்கே கால்குலேட்டரில் இருந்து விரலை எடுத்துவிட்டு ஒரு பாக்கெட் பிஸ்கட்டைப் பிரித்தார். பல கோயில் கமிட்டிகளைப் பார்த்த முகம் அது.

"லோகேஸ்வரி அக்காவுமா? ... லைட்டா? ... ஆமா, இருக்கு, இங்கயே இருக்கு. பெரிய கொட மாரி, வெள்ளத் துணி போட்டது... எழுதலாங்க. செவப்புல எழுதலாம். ஆனா லைட்டு போட்டா எழுத்தோட நெழலு விழும் இல்லீங்களா? நெருப்பு மிதிக்கிறவங்க நெத்தியில எல்லாம் லோகேஸ்வரின்னு வரும் லா... அக்காவுக்கு அது சம்மதமா? ... கேட்டுட்டீங்களா... ரொம்ப சந்தோசப்பட்டாங்களா... ஓ."

சுகுமாரன் விடவில்லை. "அப்ப மிச்சம் ஒங்க ஆயிரம் இருக்குங்க. அதுல எப்படியாச்சும் ஒரு... என்னங்க? ... அந்த நீள லென்ஸா? ... வெள்ள கலரு... பொறந்த நாளு உபயமாவா? யாரு பொறந்த நாளு? ... ஓ, ஒங்களுக்குத்தான். வாழ்த்துங்க தலைவரே... இல்லீங்க, பழசு ஒண்ணு இருக்கு, உள்ள கொஞ்சம் பூசணம் புடிச்சது, பேசுனா ஆயிரத்துக்குத் தருவாரு... எழுத எடம் இருக்குங்க. அதுல ஒங்க பேரு, அப்பா பேரு, ஊரு பேரு எல்லாமே எழுதலாம்..."

சுகுமாரன் பேச்சை நிறுத்திக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். விரலை மடக்கி ஒரு தடவை எண்ணினார். நம்ப முடியாமல் இன்னொரு தடவை எண்ணினார்.

"தலைவரே... ஒரு நிமிசங்க. கணக்கு இடிக்குது. ஸ்டாண்டு வந்துருச்சு. லைட்டு வந்துருச்சு. லென்ஸு வந்துருச்சு. கேமரா எங்கீங்க? ... கேமரா. படம் புடிக்கிற சாமான்... அதுக்குக் காசு இல்லீங்களே... கோயில் கணக்குல எங்க இருக்கு, பந்தலுக்கே பத்தல... அடுத்த வருசமா? கேமராவ அடுத்த வருசம் வாங்கிக்கலாமா? ... அப்ப இந்த வருசம் அந்த ஸ்டாண்டு மேல என்னத்தங்க வைக்கிறது, எலுமிச்சம்பழமா? ... இல்லீங்க, கிண்டல் பண்ணல... மன்னிச்சிருங்க... ஆமா... ஆமா, சாமி காரியம்... ஆமா."

நெற்றி வியர்த்திருந்தது. குளிர்சாதனம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வேறு எந்தக் காரியமாக இருந்தாலும் இந்த இடத்தில் நான்கு தடவை 'சரிங்க' சொல்லிவிட்டு எலுமிச்சம்பழத்தையே வைத்திருப்பார். இந்தத் தடவை அப்படி விட முடியவில்லை. வீட்டில் மனைவி நவமணி காத்திருந்தாள்.

"தலைவரே, கமிட்டிய விடுங்க. ஒரு அண்ணன்கிட்ட கேக்குற மாரி கேக்குறேன். என் பொஞ்சாதிய ஒங்களுக்குத் தெரியும்... ஆமா, நவமணிதான். வேல எடத்துல படியில விழுந்து இடுப்பு ஒடஞ்சதுல இருந்து கட்டில்லதாங்க கெடக்குறா... ஆப்பரேசன் ஆச்சு, நடக்க இன்னும் நாளாவும்... பையன் சரண் சின்னதுல ஜுரம் வந்து கண்ணத் தொறக்காம கெடந்தான், அப்ப வேண்டிக்கிட்டு பூக்குழி எறங்க ஆரம்பிச்சவ. ஒரு வருசம் தவற விட்டதில்ல. இந்த வருசம் அவளுக்குப் பதிலா சரண் எறங்குறான்... ஆமாங்க, மொத தடவ. விரதம் இருக்கான்... அவ என்கிட்ட எதுவும் கேக்குறவ இல்லீங்க. இந்தத் தடவ ஒண்ணே ஒண்ணு கேட்டா. எம்புள்ள நெருப்புல கால வைக்கிறத நான் பாக்கணும், நீங்க எப்படியாச்சும் காட்டிருங்கன்னா. நான் காட்டுறேன்னு சொல்லிட்டேன்... அதுக்காகத்தாங்க மூணு வாரமா இந்த அலைச்சலு. வேற ஒண்ணும் இல்ல."

கண்ணைத் துடைப்பதை யாரும் பார்க்காமல் இருக்க, சுகுமாரன் தொங்கிய கேமராப் பைகளின் பக்கம் திரும்பி நின்றார்.

"ஹலோ... ஆங், இருக்கேங்க... நெசமாவா? இந்தக் கேமராவே வாங்கிக்கவா? ... அவங்க ரெண்டு பேருகிட்டயும் நீங்களே பேசிக்கிறீங்களா? ... தலைவரே, ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்ங்க. நவமணிகிட்ட சொல்றேன், அவ கும்புடுவா ஒங்கள... ஆமாங்க... ஆமாங்க... சொல்லுங்க, ஒண்ணு என்ன, பத்து கண்டிசன் போடுங்க..."

தவுக்கேயைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். தவுக்கே பிஸ்கட்டை வைத்துவிட்டுக் கேமராவைப் பெட்டிக்குள் போட ஆரம்பித்தார்.

"எந்தப் பக்கம் திருப்பணும்? ... உபயகாரங்க கூடாரத்துப் பக்கம்... காட்டலாங்க, தாராளமா காட்டலாம். மால போடறப்ப காட்டிருவோம், பேரும் கீழ எழுத்துல ஓட விட்டுருவோம். மால எத்தன மணிக்குங்க? ... எறங்குற நேரத்துலயா? ... ஏங்க அந்த நேரத்துல... ஓ. அப்பத்தான் ஆளுங்க நெறைய பாப்பாங்கன்னு... புரியுதுங்க... மூணு பேருக்கும் மால, பொன்னாட, ஆளுக்கு ரெண்டு வார்த்த பேச்சு... அதுக்குள்ள இங்க எல்லாரும் எறங்கி முடிச்சிருவாங்களே... பூக்குழிய வருசா வருசம் பாக்குறதுதானா... அது எங்கயும் ஓடிப் போவாதா... கேமரா கூடாரத்த விட்டுத் திரும்பக் கூடாதா... சரிங்..."

வார்த்தை பாதியில் நின்றது. அவராக நிறுத்தவில்லை, மீதி வெளியே வரவே இல்லை. கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, மகன் இறங்குகிற நேரத்தில் திரையில் திருச்செல்வத்தின் பொன்னாடையைப் பார்க்கும் நவமணியின் முகம் அவர் கண்முன் வந்துவிட்டது.

"இல்லீங்க... இல்லன்னு சொன்னேன்... முடியாதுங்க தலைவரே... ஆமா, நான்தான் பேசுறேன், சுகுமாரன்தான். லைன் மாறல... கத்தாதீங்க, நல்லா கேக்குது. மூணு பேரும் கேமராவுக்குன்னு மைக்குல சொல்லித்தான் குடுத்தீங்க. கேமராதான் வாங்கறேன். அது பூக்குழியத்தான் பாக்கும். எறங்குறவங்க அத்தன பேரையும் பாக்கும், எம்மவன் கால பாக்கும். ஒங்க மாலைய அதுக்கு முன்னால போட்டுக்குங்க, பின்னால போட்டுக்குங்க, எறங்குறப்ப மட்டும் வேணாம்... யாரக் கேட்டா? யாரயும் கேக்கல... அப்படியா? ... இன்னையோட நான் வெலகிக்கணுமா? ... அப்ப அந்தச் செயலாளர் பதவிய யாருக்காச்சும் உபயமா குடுத்துருங்க தலைவரே. பேரு எழுத நெறைய எடம் இருக்கு."

லைனைத் துண்டித்துவிட்டு, உறையைத் தவுக்கேயின் முன்னால் வைத்தார்.