பெரியம்மா வீட்டு கேட்டைப் பூட்டியது பற்றி

என் பெயரை ஏட்டையா மேலே குறித்துக்கொண்டார். வயது நாற்பத்து மூன்று. தொழில் பூட்டு ரிப்பேர், சாவி வெட்டுதல். குடியிருப்பது பஸ் நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் கடை மாடி. புகார் கொடுத்திருப்பவர் என் பெரியம்மாவின் மூத்த மகன், எனக்கு அண்ணன். இறந்துபோனவர் அந்தப் பெரியம்மா. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர். கட்டினவனை விட்டுவிட்டு நான் வந்து நின்றபோது, "குடும்ப மானமே போச்சு" என்று அண்ணன் குதிக்க, "போனா போகட்டும், அவ முதல்ல சாப்பிடட்டும்" என்று சொன்னவர். அன்றிலிருந்து அண்ணனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

நேற்று காலை கடையில் ஒரு பீரோ பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, பெரியம்மாவின் பக்கத்து வீட்டு டெய்லரம்மா போன் செய்து, பெரியம்மா விடியற்காலையில் போய்விட்டார் என்றும், எனக்குச் சொல்லக் கூடாது என்று அண்ணன் எல்லோரையும் மிரட்டி வைத்திருக்கிறார் என்றும், மத்தியானமே எடுக்கப் போகிறார்கள் என்றும் சொன்னார். அதன் பிறகு வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, தோளில் கிடந்த வேலைப் பையோடு பஸ் ஏறினேன். ஆயுதத்தோடு வந்தேன் என்று புகாரில் இருக்கிறது. அது ஆயுதம் இல்லை, அரம். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். கண்டக்டர் என்னிடம் மட்டும் கடைசியாக வந்து டிக்கெட் கொடுத்தார்.

அதன் பிறகு, நான் தெருமுனையில் வருவதைப் பார்த்ததும் அண்ணன் கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார். "எதுக்கு வந்த? இங்க உனக்கு யாரும் இல்ல" என்றார். "முகத்த மட்டும் பாத்துட்டுப் போயிடறேண்ணா" என்றேன். கெஞ்சினேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். "நடையைக் கட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார். கொல்லர் தெருவிலே ஊசி விற்கப் பார்த்தார் என் அண்ணன். கம்பிக்குள் கையை விட்டு, அவர் வாசற்படி ஏறுவதற்குள் திறந்துவிட்டேன். உடைத்தேன் என்பது பொய். பூட்டு உங்கள் மேசையில்தான் இருக்கிறது, ஒரு கீறல் காட்டுங்கள் பார்ப்போம்.

நான் உள்ளே வந்ததும் அண்ணன், "வண்டி நிக்குது, தூக்குங்கடா சீக்கிரம்" என்று ஆட்களை விரட்டினார். அதன் பிறகு என் பையிலிருந்த புதுப் பூட்டு ஒன்றை எடுத்து, கேட்டை உள்ளே இருந்து பூட்டி, சாவியை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். துக்கத்துக்கு வந்தவர்கள் மொத்தப் பேரும் உள்ளே இருந்தார்கள். ஆமாம், அடைத்து வைத்தேன். இல்லை என்று சொல்லவில்லை.

அதன் பிறகு பெரியம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தலையைக் கோண வகிடு எடுத்து வாரியிருந்தார்கள். அவர் ஆயுசுக்கும் நடு வகிடுதான். டெய்லரம்மாவிடம் சீப்பு வாங்கி மாற்றி வாரிவிட்டேன். வாரிக்கொண்டே வாய்விட்டு அழுதேன். அண்ணன் சாவியைக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார். பெரிய மாமா, "டேய், அவளும் இந்த வீட்டுப் புள்ளதானே, அழட்டும் விடு" என்று அவரை உட்கார வைத்தார். வண்டி டிரைவர் கேட்டுக்கு வெளியே நின்று, "ஏம்மா, எனக்கு அடுத்த சவாரி இருக்கும்மா" என்றார். "தாராளமா போயிட்டு வாங்க" என்றேன்.

அழுது முடித்த பிறகு நானே கேட்டைத் திறந்தேன். தூக்கும்போது தலைமாட்டில் ஒரு பக்கம் நான் பிடித்தேன், மறுபக்கம் அண்ணன். மயானத்துக்குப் போன வண்டி திரும்பி வந்தவுடன் அவர் நேராக இங்கே வந்து புகார் கொடுத்திருக்கிறார்.

இதை ஏட்டையா எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. "நடந்ததற்கு மனம் வருந்துகிறேன்" என்று கடைசியில் அவராகச் சேர்த்த வரி மட்டும் நான் சொன்னதல்ல. அதை என் கண் முன்னால் அடிக்க வைத்த பிறகே கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)