நடு அயோடினுக்குப் பத்து

குற்றாலத்திலிருந்து சுரண்டை போகும் பஸ். எங்கும் அருவியில் குளித்துவிட்டு வந்த ஈரத்தலைகள். என் முன் சீட்டில் ஒரு கல்லூரிப் பெண், பக்கத்தில் நின்ற தோழியின் பையையும் தன் மடியில் வைத்திருந்தாள். இருவரும் வேதியியல் பரீட்சை எழுதிவிட்டு வருகிறார்கள்.

"மூணு அயோடின் சேந்த அயனில, நடு அயோடினுக்கு நான் பத்து எலெக்ட்ரான்தான் போட்டேன். எட்டுக்கு மேல வருமான்னு சந்தேகமாயி ஒன் பேப்பரப் பாத்தேன். நீ எட்டு போட்டிருந்த. பத்த அழிச்சி எட்டாக்கிட்டேன்" என்றாள் உட்கார்ந்திருந்தவள்.

"எட்டு தப்பு. ரெண்டு மிச்சம் கெடக்கும். நான் பொறவு பத்தாக்கிட்டேன்."

"ஏட்டி, எனக்கு ஏன் சொல்லல?"

"மேடம் நின்னாவ."

"மேடம் வாசல்ல நின்னாவ. நான் அழிக்கும்போது நீ பாத்துட்டுத்தான இருந்த?"

பஸ் தென்காசிக்குள் திரும்பியது. நின்றவள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பவும் நீதான ஃபர்ஸ்ட் வருத" என்றாள் மெதுவாக.

உட்கார்ந்திருந்தவள் மடியிலிருந்த பையை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

சுரண்டைக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது.